நீல அட்டைக் கொப்பி

2017 பெப்ரவரி 20
காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் குடும்பங்களின் போராட்டம் கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்றலில் இன்று தொடங்கியது. அம்மா ஆறரைக்கே போய்விட்டார்.

பெப்ரவரி 23
வருகிறவர்களைப் பதியும் வேலை எனக்கு. பெயர், கிராமம், யாரைத் தேடுகிறார், கையொப்பம். அடிமட்டம் இல்லை. அண்ணாவின் படச்சட்டத்தை வைத்துக் கோடு இழுத்தேன்.

மார்ச் 1
பிலக்குடியிருப்பில் படையினர் பிடித்து வைத்திருந்த காணியை விட்டுவிட்டார்களாம். அந்த ஊர்ச் சனம் ஒரு மாதம் வீதியில் கிடந்தார்கள். பந்தலில் எல்லோரும் கைதட்டினோம். காணி என்றால் விட்ட இடத்தில் இருக்கும்.

மார்ச் 9
மோட்டார் சைக்கிளில் ஒருவர், சிவில் உடையில். நல்ல தமிழ். "தங்கச்சி, அந்தக் கொப்பியை ஒருமுறை தாருங்கள், படம் எடுத்துவிட்டுத் தருகிறேன்" என்றார். மடியில் வைத்து அதன்மேல் உட்காராத குறை.

கூடுவதற்கும் சங்கம் அமைப்பதற்கும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இடம் இருக்கிறது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறுவதற்கு முன் இப்படி இரவு பகலாக இருக்க விட்டிருக்க மாட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். இப்போது இருக்க விடுகிறார்கள், இருந்து எண்ணுகிறார்கள்.

2009 மே 18, போர் முடிந்தபோது இராணுவத்திடம் சரணடைந்த வட்டுவாகல். அங்கேயும் பெயர் பதிந்தார்கள் என்கிறார் அம்மா. அண்ணாவின் பெயரை அவரே எழுத்துக்கூட்டிச் சொன்னாராம். அந்தப் பட்டியலைக் கேட்டுத்தானே இந்த வெயிலில் இருக்கிறோம்? அதைத் தராதவர்கள் எங்களுடையதைக் கேட்கிறார்கள். நித்திரை வரவில்லை.

மார்ச் 10
கொப்பி இன்றிரவு அரிசிப் பானைக்குள்.

மார்ச் 14
சங்கத்தைப் பதியப் போனேன். 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பதைக் 'காணாமல் போனோர்' என்று மாற்றினால் கெதியாக முடியும் என்றார் அலுவலர். கெட்ட மனிதர் இல்லை, கதிரை தந்தவர். படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அண்ணா போகவில்லை. அம்மா கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஒப்படைத்தார்.

ஏப்ரல் 27
வடக்கு கிழக்கு முழுவதும் ஹர்த்தால். ஏ9 நடுவில் ஒரு நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது. கொப்பி முடிந்து, அட்டையின் உட்பக்கத்திலும் ஒப்பமிட்டார்கள்.

மே 3
காய்ச்சல்.

மே 30
நூறாவது நாள். அம்மாவின் கால் வீங்கியிருக்கிறது. வீட்டில் நில்லுங்கள் என்றால் கேட்பாரா!

ஜூன் 12
யாழ்ப்பாணத்தில் ஜனாதிபதி எங்கள் ஆட்களைச் சந்தித்தாராம். சரணடைந்தோர் பட்டியலை வெளியிடச் சொல்வதாக வாக்குக் கொடுத்தாராம். இரவு விளக்கை அணைத்த பிறகு அம்மா கேட்டார்: "சிங்களத்தில் எழுதியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?" எழும்பி, கொப்பியின் பின் அட்டையில் அண்ணாவின் பெயரைச் சிங்களத்தில் எழுதிக் காட்டினேன். முதலில் எழுதியதில் ஒரு எழுத்துப் பிழை. வெட்டிவிட்டுத் திரும்ப எழுதினேன்.