எதையும் மாற்றாத பேட்ச்கள்

லினக்ஸின் 4.14 கெர்னலையும் 4.19 கெர்னலையும் அருகருகே திறந்து வைத்துக்கொண்டு உட்காருவதுதான் என் வேலையில் பாதி. எங்கள் சாதனங்களில் பழைய எல்டிஎஸ், அதாவது நீண்ட காலம் பராமரிக்கப்படும் பதிப்பு, ஓடுகிறது. புதிய கெர்னலில் வரும் பாதுகாப்புத் திருத்தங்களை அதற்கு பேக்போர்ட் செய்ய, அதாவது பழையதற்குப் பொருத்திக் கொண்டுவர, வேண்டும். நெட் டைரக்டரிக்குள் இருக்கும் சாக்கெட்.சி கோப்புக்கு வரும்போது பேட்ச் நேராக உட்காராது. இந்த இரண்டு பதிப்புகளுக்கும் நடுவில் அந்தக் கோப்பின் சிஸ்டம் கால்கள் (நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வாசல்கள்) எல்லாம் இடம் மாறியிருக்கின்றன.

டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் அந்த மாற்றத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல எதுவுமே மாறலையே, எதுக்கு இத்தனை கமிட்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன்.

சாக்கெட்டுக்கு முகவரி கொடுப்பது பைண்ட். 4.14-இல் அந்த சிஸ்டம் காலின் முழு உடலும் சிஸ்கால்_டிஃபைன் மேக்ரோவுக்குள்ளேயே இருக்கும். 4.19-இல் அந்த மேக்ரோவுக்குள் ஒரே வரிதான். உடல் முழுக்க, முன்னால் இரண்டு அடிக்கோடு போட்ட சிஸ்_பைண்ட் என்ற சாதாரண சி ஃபங்ஷனுக்குப் போய்விட்டது. கனெக்ட், லிசன், அக்செப்ட்4, சென்ட்டூ, ரெசீவ்ஃப்ரம் என்று ஒவ்வொன்றுக்கும் இதே வேலை. 2018-இல் கெர்னல் டெவலப்பர் டொமினிக் பிரொடோவ்ஸ்கி அனுப்பிய தொடரில் வந்தவை இவை, 4.17-இல் சேர்ந்தன.

கெர்னல் தன் சிஸ்டம் காலைத் தானே கூப்பிட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம். 32-பிட் இன்டெலில் சாக்கெட் வேலை அனைத்துக்கும் சாக்கெட்கால் என்ற ஒற்றை வழிதான் இருந்தது. அதன் எண் 102. முதல் ஆர்கியுமென்ட், என்ன வேலை என்ற எண். இரண்டாவது, மற்ற ஆர்கியுமென்ட்கள் கிடக்கும் யூசர் நினைவகத்துக்கு ஒரு பாயின்டர். உள்ளே ஒரு பெரிய ஸ்விட்ச், சிஸ்_பைண்ட், சிஸ்_கனெக்ட் என்று நேரடியாகக் கூப்பிடும். 64-பிட் கெர்னலில் 32-பிட் நிரல் ஓடும்போது வரும் காம்பேட் பாதையும் அப்படித்தான். ஒரு நிரல் எந்த சிஸ்டம் கால்களைக் கூப்பிடலாம் என்று கட்டுப்படுத்தும் செக்காம்ப் வடிகட்டியால் பாயின்டருக்குப் பின்னால் போய்ப் பார்க்க முடியாது. அதனால் என்ன வேலை என்ற எண்ணை மட்டும் பார்க்கலாம்; எந்த வகைச் சாக்கெட் கேட்கப்படுகிறது என்பது போன்ற ஆர்கியுமென்ட்களைப் பார்த்துத் தடுக்க வழியில்லாமல் இருந்தது. 2015-இல், 4.3-இல்தான் 32-பிட் இன்டெலுக்குத் தனித்தனி கால்கள் வந்தன. பழைய நிரல்களுக்காக 102 இன்றும் உயிரோடு இருக்கிறது.

2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பாதுகாப்புக் குறை வெளியானது. பைண்டுக்கு மூன்று ஆர்கியுமென்ட் போதும். ஆனால் யூசர் நிரல் மற்ற ரெஜிஸ்டர்களில் போட்ட மதிப்புகளும் கெர்னலின் ஆழம் வரை கூடவே போய்விடக்கூடும். பிராசஸர் ஊகித்து முன்கூட்டியே ஓட்டும் கட்டளைகளை வைத்துத் தாக்குபவருக்கு அது வசதி. எனவே 4.17-இல் 64-பிட் எக்ஸ்86-க்குப் புது ஏற்பாடு: சிஸ்டம் கால் ஃபங்ஷனுக்கு பிடி_ரெக்ஸ் என்ற ஸ்ட்ரக்சரின் பாயின்டர் மட்டும் வரும், தேவையான ரெஜிஸ்டர்களை மட்டும் அது அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். இப்படியானதும், கெர்னலுக்குள்ளிருந்து சிஸ்_பைண்டை மூன்று ஆர்கியுமென்டோடு கூப்பிட முடியாது. கூப்பிடும் இடங்களை முதலில் ஒழித்தால்தான் இந்தப் பாதுகாப்பு சாத்தியம். எதையும் மாற்றாத அந்த கமிட்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. சிஸ்டம் கால்களை கெர்னலுக்குள்ளிருந்து கூப்பிடாதே என்று கெர்னல் ஆவணத்திலேயே இப்போது தனிப்பகுதி இருக்கிறது.

அதற்கடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடிக்கும். 2019-இல் ஜென்ஸ் ஆக்ஸ்போ, படிப்பது எழுதுவது போன்ற வேலைகளை வரிசையில் போட்டு கெர்னலிடம் கொடுக்கும் ஐஓ_யூரிங்குக்காக அக்செப்டையும் கனெக்டையும் மறுபடி பிரித்தார். ஐஓ_யூரிங்கின் கையில் ஏற்கனவே ஃபைல் இருக்கிறது. திறந்த ஃபைலைக் குறிக்கும் டிஸ்கிரிப்டர் எண்ணைக் கொடுத்து அதைத் திரும்பத் தேடச் சொல்வது வீண். ஆகவே எண்ணிலிருந்து ஃபைலைக் கண்டுபிடிப்பது ஒரு ஃபங்ஷன், கையில் இருக்கும் ஃபைலோடு வேலை செய்வது இன்னொன்று. 2021-இல் அக்செப்ட் இன்னொரு முறை பிரிந்தது: புதிய சாக்கெட்டின் ஃபைலை மட்டும் திருப்பிக் கொடுக்கும், டிஸ்கிரிப்டர் டேபிளில் அதை வைக்காத டூ_அக்செப்ட் பிறந்தது.

அக்செப்டைப் பிரிக்கும்போது வரிசையில் கவனம் வேண்டும். டிஸ்கிரிப்டர் எண்ணை முதலில் ஒதுக்கிக்கொண்டு, அதன் பிறகே புரோட்டோகாலின் அக்செப்ட் கூப்பிடப்படுகிறது. தலைகீழாக்கினால், இணைப்பை வரிசையிலிருந்து எடுத்த பின் எண் கிடைக்காமல் போகும்; வந்த இணைப்பு வீணாகும். ஃபைலை டிஸ்கிரிப்டர் டேபிளில் வைக்கும் எஃப்டி_இன்ஸ்டால் கடைசியில்தான் வர வேண்டும். அது நடந்த நொடியிலிருந்து அதே புராசஸின் இன்னொரு த்ரெட் அந்த எண்ணைப் பயன்படுத்தலாம், மூடியும் விடலாம். அதன் பிறகு பிழை என்று பின்வாங்க வழியே இல்லை. இந்த வரிசை உடைந்தால் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. வழக்கமான டெஸ்ட்களும் பெரும்பாலும் சொல்லாது, டிஸ்கிரிப்டர் தீரும் நிலையை யாராவது மெனக்கெட்டு உண்டாக்கினால் ஒழிய.

பிழை எண்களும் அப்படித்தான். தவறான டிஸ்கிரிப்டரையும் தவறான முகவரிப் பாயின்டரையும் ஒன்றாகக் கொடுத்து பைண்டைக் கூப்பிட்டால் ஈபேட்எஃப் (தவறான டிஸ்கிரிப்டர் என்ற பிழை) வர வேண்டும். முகவரியை கெர்னலுக்குள் நகலெடுக்கும் வரியை மேலே தூக்கிவிட்டால் ஈஃபால்ட் (தவறான நினைவக முகவரி என்ற பிழை) வரும். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் யூசர்ஸ்பேஸ் பார்க்கும் நடத்தை அது. மறுசீரமைப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு அதைத் தொடக்கூடாது. இப்படி இரண்டு தவறுகளைச் சேர்த்துக் கொடுக்கும் சின்ன நிரல்களை நான் தனியாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பேக்போர்ட்டுக்கும் முன்னும் பின்னும் ஓட்டி விடைகளை ஒப்பிடுவேன்.

தம்பிக்கு அடுத்து, சாக்கெட்டின் ஆப்ஷன்களை மாற்றும் செட்சாக்ஆப்டைக் கொடுத்திருக்கிறேன். அங்கே சிக்கல் வேறு மாதிரி. இந்தப் பழைய பதிப்புகளில் கெர்னலே ஒரு ஆப்ஷனை வைக்க விரும்பினால், தன் பாயின்டரை யூசர் பாயின்டர் போலக் காட்ட செட்_எஃப்எஸ் மூலம் முகவரி எல்லையையே தளர்த்திவிட்டுக் கூப்பிடும். திரும்ப இறுக்க மறந்தால் யூசர் நிரல் கெர்னல் நினைவகத்தில் எழுதலாம். 2020-இல் கிறிஸ்டோஃப் ஹெல்விக் இதைக் களையெடுத்தார். 5.8-இல் கெர்னல்_செட்சாக்ஆப்ட் போய், டிசிபி நோடிலே போன்றவற்றுக்குத் தனி ஃபங்ஷன்கள் வந்தன. 5.9-இல் வந்த சாக்பிடிஆர்_டி, பாயின்டரோடு அது கெர்னலுடையதா யூசருடையதா என்பதையும் சேர்த்தே சுமக்கிறது. எந்த புரோட்டோகால் கோப்பிலிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்டான். ஐபி_சாக்கெட் குளூ கோப்பைத் திறக்கச் சொன்னேன்.