கோழிக்குஞ்சுக்கு ஏன் அவ்வளவு சூடு?

பொரித்து ஒரு நாளான நாட்டுக்கோழிக் குஞ்சு சுமார் 30 கிராம் இருக்கும். வளர்ந்த கோழி 1.5 கிலோ. எடை ஐம்பது மடங்கு கூடினாலும் தோலின் பரப்பு பதினான்கு மடங்குக்குள்தான் கூடுகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு கிராம் உடம்புக்கும் குஞ்சுக்குத்தான் மூன்றரை மடங்குக்கு மேல் அதிகத் தோல். சூடு உண்டாவது உடம்பு முழுக்க, வெளியேறுவது பெரும்பாலும் தோல் வழியாக. போதாததற்கு இறகும் முளைக்கவில்லை, வெறும் பூமயிர்தான். அதனால்தான் முதல் வாரம் ப்ரூடரில், அதாவது குஞ்சுகளைச் சூடாக வைத்து வளர்க்கும் அடைப்பில், 35 டிகிரி வைக்கிறோம். உடம்பு பெருத்து இறகும் வர வர வாரத்துக்கு 3 டிகிரி குறைத்தால் போதும்.

நூறு குஞ்சுக்கு ஒன்றரை மீட்டர் விட்டத்தில் வட்டமாகத் தகரம் கட்டுங்கள். மூலை இருந்தால் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியிலிருப்பவை மூச்சுத் திணறிச் சாகும். தரையில் 5 செ.மீ. உமி. குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் 100 வாட் குண்டு பல்பு இரண்டு. ஒன்று பியூஸ் போனாலும் மற்றது காப்பாற்றும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், குஞ்சுக்கு வேண்டிய சூட்டைத் தராது. குஞ்சு வருவதற்குச் சில மணி நேரம் முன்பே பல்பைப் போட்டு உமியைச் சூடாக்கிவிட வேண்டும். தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டிப் பயனில்லை, குஞ்சின் முதுகு உயரத்தில் வையுங்கள்.

தெர்மாமீட்டரைவிட நான் நம்புவது குஞ்சுகளைத்தான். பல்புக்கு அடியில் நெருக்கியடித்து நின்றால் குளிர்கிறது. ஒட்டி நிற்கும்போது காற்றுபடும் தோல் குறைகிறது, பல சின்ன உடம்புகள் சேர்ந்து ஒரு பெரிய உடம்பாகிவிடுகின்றன. உடனே பல்பைக் கொஞ்சம் இறக்குங்கள். ஓரத்துக்கு விலகி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஏற்றுங்கள். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கமிருந்து காற்றடிக்கிறது, படுதாவைக் கட்டுங்கள். பரவலாக மேய்ந்தால் சரியாக இருக்கிறது.

நனைந்த குஞ்சுதான் சீக்கிரம் போய்விடும். ஈரம் ஆவியாகும்போது தோல் முழுவதிலிருந்தும் சூட்டை இழுத்துக்கொள்ளும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், அலகு மட்டும் நனையும்.

பெரிய பிராய்லருக்கு இதே கணக்கு தலைகீழ். இரண்டு கிலோ உடம்பின் சூடு வெளியேறத் தோல் போதாது. குஞ்சுக்கு இதமான 35 டிகிரியில் அது மூச்சிரைத்துத் தவிக்கும். அதனால் வெயில் காலத்தில் கடைசி வாரங்களில்தான் மின்விசிறிக்குச் செலவழிக்க வேண்டும்.