மீசை நரைச்சா என்ன இப்போ

நாப்பது தாண்டி மீசைல ஒரு வெள்ளை முடி தெரிஞ்சா போதும், ஆம்பளத்தனமே போன மாதிரி டை பாக்கெட் வாங்க ஓடுறோம். நரைச்சா வீரியம் குறையும்னு எவன் சொன்னானோ. தொப்பையத்தான் பாக்கணும்ங்க, சுகர் பிபி எல்லாம் அது கூடவே வரும். விறைப்பு சரியா வரலைன்னா ராத்திரி டிவில வர்ற லாட்ஜ் வைத்தியர்கிட்ட போகாம மொதல்ல சுகர், கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுங்க, ஏன்னா ஆணுறுப்புக்கு போற ரத்தக்குழாய் 1-2 மிமீ அகலம்தான், இதயத்துக்கு போறது 3-4 மிமீ, அடைப்பு ஆரம்பிச்சா சின்னதுலதான் மொதல்ல தெரியும், ஹார்ட் பிரச்சனை வர்றதுக்கு சில வருஷம் முன்னாடியே கூட. அப்புறம் வழுக்கைக்கு குடுக்குற ஃபினாஸ்டரைடு மாத்திரை சிலருக்கு ஆசையையே குறைச்சிடும், கூச்சப்படாம டாக்டர்கிட்ட கேளுங்க. நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் போடுறவங்க வயாகராவ தொடவே கூடாது, பிபி தடால்னு இறங்கிடும், மெடிக்கல் ஷாப்காரர் நமட்டு சிரிப்போட பேப்பர்ல சுத்தி குடுத்தாலும் சரி.