தொங்க காம்பரா தாத்தா

ஹார்ப்பர் லீயோட 'டு கில் எ மொக்கிங்பேர்ட்' நேத்து ராத்திரி தான் முடிச்சேன், 1960ல வந்த நாவல், அலபாமா பக்கத்து கதை, ஆனா எனக்கு இலங்கைல ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல எங்க லயம் (வரிசையா ஒட்டின காம்பரா வீடுக) தான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. அதுல பூ ராட்லின்னு ஒருத்தரு வீட்ட விட்டு வெளியவே வரமாட்டாரு, அணிலையும் பூனையையும் பச்சையா திங்கிறவருன்னு பிள்ளைங்க கட்டிவிடும், மனுசனோ மரப்பொந்துல அதுகளுக்கு சூயிங்கம், சவர்க்காரத்துல செதுக்கின பொம்மைன்னு வச்சிட்டு போவாரு. அவரு அண்ணன் அந்த பொந்த சிமெந்து வச்சி அடைக்கிற இடத்துல கொஞ்ச நேரம் புத்தகத்த மூடி வச்சிட்டேன்.

எங்க லயத்து தொங்க காம்பராவுலயும், அதான் கடைசி வீட்டுல, ஒரு தாத்தா தனியா இருந்தாரு. செய்வினை செய்வாருன்னு பேச்சு. கொழுந்தெடுக்க மலைக்கு போறப்ப அம்மாவே "அந்த இஸ்தோப்பு பக்கம் போயிறாத"ம்பாங்க (இஸ்தோப்புன்னா வீட்டு முன் திண்ணை). பொழுதுபட்டா நாங்க அவரு தகரத்துல கல்லடிச்சிட்டு ஓடுவோம் (குறி தப்பாம அடிக்கிறது நான் தான், அதுல பெருமை வேற). ஒரு நாளும் வெளிய வந்து ஏசல.

பிறகு ஒரு அடைமழைல தண்ணி ஓடுற கான்ல விழுந்து முழங்கால் கிழிஞ்சப்ப அவரு தான் தூக்கிட்டு போயி, துடைச்சி விட்டு, பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் குடுத்தாரு.

நாவல் கடைசில, கதை சொல்ற பொண்ணு ஸ்கவுட், ராட்லி வீட்டு வாசல்ல நின்னு தெருவ பாக்குறா. தாத்தா இஸ்தோப்புல இருந்து பாத்தா நாங்க தண்ணி பிடிக்கிற பீலிக்கரை முழுசா தெரியும். நாங்க கல்லு பொறுக்குற இடம்.