கரும்பலகையில டீச்சர் கீறின கோடு

எங்கட பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு கேட்டவுடன எனக்கு ஞாபகம் வந்தது எங்கட இங்கிலிஷ் டீச்சர்தான். நான் 2003 இல இத்தாலியின்ர சிசிலித் தீவில இருக்கிற பலெர்மோவுக்கு வந்தனான், பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில வீடு, மகள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கதான். போன மாசம் லண்டன் மச்சாளோட போனில கதைச்சுக்கொண்டிருந்தவள் "ஐ ஹாவ் சீன் ஹேர் யெஸ்ரடே" எண்டாள். பிழையெல்லோ எண்டு கேட்டா, "அம்மா, இத்தாலியனில 'லோ விஸ்தா இயெரி' எண்டுதானே நாங்கள் சொல்லுறம்?"

அவள் கேட்டதிலயும் நியாயம் இருக்கு. இத்தாலியனில ஹாவ் மாதிரி ஒரு சொல்லுப் போட்டு நேற்று நடந்ததையும் சொல்லலாம், பத்து வருசத்துக்கு முந்தி நடந்ததையும் சொல்லலாம், பார்க்க இங்கிலிஷில ஹாவ் போட்டு எழுதுற பிரசன்ட் பேர்பெக்ட் மாதிரியே இருக்கும், ஆனா வேலை வேற. போறது வாறதுக்கு 'சோனோ அரிவாத்தா' எண்டு, ஹாவுக்குப் பதிலா 'ஐ ஆம்' மாதிரி ஒரு சொல்லுப் போட்டுச் சொல்லோணும், அதாலதான் இவள் "ஐ ஆம் அரைவ்ட்" எண்டு மெசேஜ் போடுறவள். சந்தையில நிக்கிற சிசிலிச் சனம் இன்னும் வேற மாதிரி, இப்பதான் சாப்பிட்டு எழும்பினாலும் 'மஞ்ஜாய்' (சாப்பிட்டன்) எண்டு, புத்தகத்தில பழங்கதைக்குப் போடுற இறந்தகாலத்திலதான் சொல்லுவினம்.

ஒன்பதாம் வகுப்பில நாங்கள் விட்டது மற்றப் பிழை. 'பத்து வருசமா இருக்கிறன்' எண்டதை அப்பிடியே "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்" எண்டு எழுதுவம். இத்தாலியனும் எங்களை மாதிரித்தான், 'வீவோ குவீ தா தியெச்சி ஆன்னி', அங்கயும் நிகழ்காலம்தான். டீச்சர் ஏசமாட்டா. கரும்பலகையில நீளமா ஒரு கோடு கீறி, முடிவில 'இப்ப' எண்டு எழுதி, சோக்கை எடுக்காமல் அந்த 'இப்ப' மட்டும் இழுத்துக்கொண்டு வந்து காட்டுவா, இதுக்குத்தான் ஹாவ் லிவ்ட், ஃபோர் டென் இயர்ஸ். பிறகு நேற்று எண்டு தூரத்தில ஒரு புள்ளி வைப்பா, அந்தப் புள்ளியில இருந்து 'இப்ப'வுக்குக் கோடு இல்ல, அதுக்கு 'ஐ சோ ஹேர்' மட்டும்தான், ஹாவ் வராது.

அண்டைக்கு இரவு சுப்பர்மார்க்கெட் பில்லின்ர பின்பக்கத்தில அதே கோட்டை மகளுக்குக் கீறிக் காட்டினன். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்திட்டு, "ஹாவ் யூ எவர் ரிட்டன் டு ஹேர்?" எண்டு கேட்டாள், ஒரு பிழையுமில்லாமல்.

நான் எழுதேல்ல. டீச்சரின்ர விலாசம் ஆரிட்டயாவது இருந்தா எனக்குத் தாங்கோ.