ஒரு டஜன் மீசை

ரெண்டாம் கிளாஸ் படிக்கும் மகள் மாறுவேடப் போட்டியில் கட்டபொம்மன். தலைப்பாகைக்கு மாமனாரின் பட்டு அங்கவஸ்திரம், இடுப்புக்கு மனைவியின் பழைய ஜரிகை துப்பட்டா என்று எல்லாம் வீட்டிலேயே தேறிவிட்டது. மீசைதான் தேறவில்லை. மையில் வரைந்துவிடலாம் என்றேன். "அது பூனை மீசைப்பா" என்று கட்டபொம்மன் அழ ஆரம்பித்ததால், சனிக்கிழமை காலையில் நானும் மனைவியும் சென்னை பாரிஸ் கார்னருக்குக் கிளம்பினோம்.

ஐகோர்ட் மெட்ரோவில் இறங்கி நடந்தால் டேர் ஹவுஸ் ஓரமாக ஓர் எல்லைக்கல். 1773-ல் கும்பெனிக்காரன் நட்டது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாதாம், அதனால் இந்தக் கல்லைத் தாண்டி யாரும் வீடு கட்டக் கூடாது. இன்றைக்கு அந்தப் பீரங்கியைக் கொண்டுவந்து சுட்டாலும் குண்டு கர்ச்சீப் கடையைத் தாண்டாது. கும்பெனி கல் நட்ட இடத்திலேயே கட்டபொம்மனுக்கு மீசை வாங்குகிறோம் பார், என்று பெருமையாகச் சொன்னேன்.

"மொதல்ல பர்ஸை முன்பாக்கெட்ல வைங்க" என்றாள்.

இந்த வட்டாரத்துக்கு 1911-லேயே ஜார்ஜ் டவுன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனாலும் நமக்கு அது பாரிஸ், பூக்கடை, சௌகார்பேட்டைதான். துணிக்குக் கோடவுன் தெரு, கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு, பூவுக்குப் பத்ரியன் தெரு என்று சாமானுக்கு ஒரு தெரு. மீசைக்கு எந்தத் தெரு? பூக்கார அம்மாவிடம் கேட்டேன். என் மூக்குக்குக் கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, "நாராயண முதலி தெருவுக்குப் போ சார், சாமி கிரீடமே அங்கதான்" என்றது.

அந்தத் தெருவில் காலை வைத்ததும் பின்னாலிருந்து "ஓரம்! ஓரம்!" என்று சத்தம். மூட்டைகளோடு மீன்பாடி வண்டி. ஓரம் என்று ஒன்று இருந்தால் அதில் ஏற்கெனவே ஒரு கடை இருக்கிறது. நான் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்துக்குள் புகுந்து, முன்பின் தெரியாத ஒரு பெரியவரைக் கட்டிக்கொண்டு நின்றேன். வண்டி போனதும் அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, "ஊருக்குப் புதுசா?" என்றார். பிறந்தது ராயபுரம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நாலாவது கடையில் மீசை இருந்தது. ஒரே அட்டையில் பன்னிரண்டு, பன்னிரண்டும் பன்னிரண்டு தினுசு. நடுவில் கம்பீரமாக ஒரே ஒரு முறுக்கு மீசை.

"இது ஒண்ணு மட்டும் குடுங்க."

"அட்டையாத்தான் சார் வரும். ஹோல்சேல்."

"ஒரு மூஞ்சிக்கு எதுக்குங்க பன்னிரண்டு?"

"எல்லாரும் அந்த ஒண்ணைத்தான் கேக்கறாங்க. அதை உருவிட்டா மீதி பதினொண்ணை யாரு தலையில கட்டறது?"

என் தலையில் கட்டினார். அட்டை 240 ரூபாய் என்றதை மனைவி 180-க்கு இறக்கினாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கும்போது அவர் கால்குலேட்டரை எடுத்தார்.

"பில் போட்டா ஜிஎஸ்டி தனி."

கட்டபொம்மன் மீசைக்கே வரி! கயத்தாறில் 1799-ல் தூக்கில் தொங்கிய மனுஷன் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. நான் கட்டினேன்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரெண்டு தோரணம், ஒரு டஜன் குங்குமச் சிமிழ், எதற்கென்று இன்றுவரை தெரியாத ஒரு கிலோ பாசிமணி. மிண்ட் தெருவில் முறுக்கு சாண்ட்விச். ரொட்டிக்குப் பதில் முறுக்கை வைத்து, நடுவில் வெள்ளரிக்காயும் சட்னியும். முறுக்கு மீசை வாங்க வந்ததற்கு அதுவாவது பொருத்தமாக அமைந்தது.

போட்டியன்று பார்த்தால் மொத்தம் மூன்று கட்டபொம்மன்கள். அதில் ஒருத்தனுக்கு மீசை வேர்வையில் நழுவி எங்கேயோ விழுந்துவிட்டது. பையன் தேம்பிக்கொண்டிருந்தான். அவன் அம்மா என் கையில் அட்டையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"சார், ஒண்ணே ஒண்ணு கிடைக்குமா?"

"அட்டையாத்தான்..." என்று வாய் தானாக ஆரம்பித்தது. மனைவி என் காலை மிதித்தாள். அதற்குள் எங்கள் கட்டபொம்மன் தன் முறுக்கு மீசையைச் சர்ரென்று பிய்த்து அவனிடம் நீட்டிவிட்டாள்.

"இந்தா, நீயே வெச்சுக்கோ. எனக்கு ரொம்பக் கடிக்குது."

பிறகு அட்டையை ஆராய்ந்து, இருப்பதிலேயே சின்னதாக, ரெண்டு விரல் அகலத்தில் இருந்த மீசையை எடுத்து ஒட்டிக்கொண்டாள். மேடையில் பேர் கூப்பிட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சி மன்னர், சார்லி சாப்ளின் மீசையோடு வாளை உருவிக்கொண்டு, வரி கட்ட முடியாது என்று கர்ஜித்தார்.