சக்கரத்தைக் கோணலாக மாட்டினால் என்ன கெடும்?

சைக்கிளில் பஞ்சர் ஒட்டி முன் சக்கரத்தைத் திரும்ப மாட்டியதும் பிரேக் கட்டை ஒரு பக்கம் உரசுகிறது. ‘ரிம் பெண்டாகிவிட்டது’ என்று பயந்து பலர் ஸ்போக்ஸ் கம்பிகளை முறுக்கத் தொடங்கிவிடுவார்கள். நல்ல சக்கரம் கெடுவது பெரும்பாலும் அப்போதுதான்.

முதலில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். பெண்டு இருந்தால் ரிம் இடமும் வலமுமாக ஆடும். சுற்று முழுக்க ஒரே பக்கமாக ஒட்டியே ஓடினால் அது பெண்டு இல்லை. பெரும்பாலும் அச்சு ஃபோர்க் வாயில், அதாவது சக்கரத்தைத் தாங்கும் கவையின் நுனிப் பிளவில், ஒரு பக்கம் முழுசாக ஏறவில்லை என்று பொருள். வாய்களுக்கு நடுவே 100 மி.மீ. அகலம், அச்சிலிருந்து ரிம் 300 மி.மீ. தள்ளி இருக்கிறது. அதனால் அச்சில் 1 மி.மீ. சரிவு என்றால் ரிம்மில் 3 மி.மீ. விலகல். உரச அது போதும்.

சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டபடியே இறுக்கினால் இப்படி ஆகும். நட்டைத் தளர்த்தி, சைக்கிளைத் தரையில் நிமிர்த்தி, ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். வாஷர் வாய்க்கு வெளிப்புறம், நட்டை ஒட்டி வர வேண்டும். அப்படியும் விலகல் போகவில்லையா? ரிம் பிரேக் சைக்கிள் என்றால் சக்கரத்தை இடவலம் திருப்பி மாட்டிப் பாருங்கள். விலகலும் பக்கம் மாறினால் குறை சக்கரத்தில். மாறாவிட்டால் ஃபோர்க்கில் அல்லது பிரேக்கில். (டயரின் அம்புக்குறி தலைகீழாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். அதனால் எதுவும் உடையாது.)

உண்மையில் பயப்பட வேண்டியது, சில சைக்கிள்களில் சக்கரத்தைப் பிடிக்க நட்டுக்குப் பதில் மடக்கும் குயிக் ரிலீஸ் நெம்புகோலுக்குத்தான். அதை நட்டு மாதிரி சுற்றிச் சுற்றி இறுக்கினால் பிடிக்கவே பிடிக்காது. எதிர்ப்பக்க நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, நெம்புகோல் பாதி வழி வரும்போது கைக்குக் கனமாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மடக்க வேண்டும். மடக்கியதும் உள்ளங்கையில் தடம் பதிந்தால் சரி. நெம்புகோலின் கம்பியில் கோத்த கூம்பு ஸ்பிரிங்குகளின் குறுகிய முனை ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடத்தை)ப் பார்த்து இருக்கட்டும். திருப்பிப் போட்டால் அவை வாயில் சிக்கி, பிடி சரியாக விழாது.

கியர் இல்லாத சைக்கிளின் பின் சக்கரத்தை இறுக்கும்போது செயின் சக்கரத்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், டயர் சட்டத்தில் உரசும். இரண்டு நட்டையும் மாறி மாறி, கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். செயினின் நடுவில் விரலால் தூக்கி அழுத்தினால் அரை அங்குலம் ஆட வேண்டும். விறைப்பாக இருந்தால் ஃப்ரீவீலும் (பின் பல்சக்கரம்) பேரிங் பால்ஸும் தேயும், தொளதொளவென்று இருந்தால் கழன்று விழும். கியர் சைக்கிள் என்றால் செயின் மிகச் சிறிய பல்சக்கரத்தில் உட்கார வேண்டும். அதற்கும் சட்டத்துக்கும் இடையே சிக்கியபடி பெடலை மிதித்தால்தான் சேதம்.

டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தோடு சுற்றும் தட்டு, அதைப் பிடிக்கும் இரண்டு பேடுகளுக்கும் நடுவே நுழைந்ததா என்று எட்டிப் பாருங்கள். தப்பான இடத்தில் நுழைந்த நிலையில் பிரேக்கை அழுத்தினால் தட்டு வளையும்.

கோணலாகவே சில கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டதா? டயரின் பக்கச்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். உள்நூல் தெரிந்தால் டயரை மாற்றியே ஆக வேண்டும். பிரேக் கட்டை டயரில் உரசியிருந்தால் பக்கச்சுவர்தான் முதலில் போகும். இரும்புச் சட்டத்தில் பெயின்ட் மட்டும் போயிருந்தால் துரு பிடிக்காமல் பூசிவிட்டால் போதும். கார்பன் சட்டத்தில் பெயின்டைத் தாண்டி நார் தெரிந்தால் ஓட்டாதீர்கள், தெரிந்தவரிடம் காட்டுங்கள். குயிக் ரிலீஸ் நெம்புகோல் தளர்வாகவே ஓடியிருந்தால், அச்சுக்குள் போகும் அதன் நடுக்கம்பி வளைந்ததா, மரை தேய்ந்ததா என்று உருவிப் பார்த்து, சந்தேகம் இருந்தால் புதிதாகப் போடுங்கள்.

கிளம்பும் முன் முன்பக்கத்தைத் தூக்கி, டயரின் தலையில் முஷ்டியால் ஓங்கிக் குத்துங்கள். அச்சு அசைந்தால் மறுபடி தளர்த்தி முதலிலிருந்து மாட்டுங்கள்.